நண்பகல் நேரத்து மயக்கம்: செல்லூர் மொட்டை மாடியில் ஒரு சண்டை

கேள்வி: இந்த 'நண்பகல் நேரத்து மயக்கம்' மலையாளப் படத்தைப் பாத்துட்டு "ஆகா, காவியம்"னு எழுதுறவங்கள்ல பாதிப் பேர் நடிக்கிறாங்க. புரியலன்னு சொன்னா மட்டமா நினைச்சிருவாங்கன்னு பயம். மதுரைப் பக்கத்து ஆள் யாராவது நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. தூங்குனீங்களா இல்லையா?

26 பிப்ரவரி 2023

நான் தூங்கவில்லை. மச்சான் தூங்கினார். எங்கள் மொட்டை மாடியில் நடந்த கூத்து அங்கேதான் ஆரம்பம்.

மதுரை செல்லூரில் அக்கா வீடு. கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருத்தன் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். தண்ணித் தொட்டிச் சுவர்தான் திரை. நெட்பிளிக்சில் 23ஆம் தேதி வந்த படம், சூடு ஆறுவதற்குள் பார்த்துவிட வேண்டுமென்று பையன்களுக்கு அவசரம். அக்கா, மச்சான், கீழ்வீட்டு அப்பத்தா, எதிர்வீட்டு இன்ஜினியரிங் பையன்கள், நடுவில் வந்து நடுவிலேயே போன சிலர்.

பார்க்காதவர்களுக்காக: மம்மூட்டிக்குப் பெயர் ஜேம்ஸ். நாடகக் குழுவோடு வேளாங்கண்ணி போய்விட்டு வேனில் கேரளம் திரும்புகிறார். தமிழ்ச் சாப்பாடு பிடிக்காது, வண்டியில் போடும் தமிழ்ப் பாட்டும் பிடிக்காது, சிடுசிடு ஆள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வண்டியே தூங்குகிறது. முழித்தவர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்குகிறார். காட்டுக்குள் நடந்து, முன்பின் தெரியாத ஊரில் ஒரு வீட்டுக்குள் போய், கொடியில் கிடந்த கைலியை எடுத்துக் கட்டுகிறார். மாட்டைக் கவனிக்கிறார். தமிழில் பேசுகிறார். அந்த வீட்டுச் சுந்தரம் காணாமல் போய் வருசக்கணக்காகிறது.

மச்சான் தூங்கியது வேன் ஓடிக்கொண்டிருந்தபோது. முழித்தது மம்மூட்டி தமிழ் பேசும்போது.

"என்னடா, படத்த மாத்திட்டீங்களா?"

"இல்லண்ணே, அதே படந்தான்."

"அப்ப அவரு ஏன் அந்த வீட்டுல கெடக்காரு?"

"அதாண்ணே எங்களுக்கும் தெரியல."

அப்பத்தாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. வெற்றிலையை மடித்துக்கொண்டே, "செத்தவன் எறங்கியிருக்கான். மொதல்ல பேரக் கேளுங்கடா" என்றார். திரையில் இருந்தவர்களிடம்தான் சொன்னார், எங்களிடம் இல்லை.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். தூங்கினவரும் உண்டு, "என்ன எழவு படம்டா" என்று எழுந்து போனவரும் உண்டு, முதல் நிமிசத்திலேயே பிடிபட்டவரும் உண்டு. அங்கே யாரும் நடிக்கவில்லை.

27 பிப்ரவரி 2023

சில திருத்தங்கள், சண்டை பெரிசாகும் முன்.

தேனிப் பக்கம் எடுத்த படம் என்கிறார் ஒருவர். இல்லை, பழனிப் பக்கம். ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர் என்பதால் தேனி என்று நினைத்துவிட்டார் போல. இயக்கம் லிஜோ ஜோஸ் பெல்லிசேரி, எழுத்து எஸ். ஹரீஷ்.

பின்னணி இசை யார் என்று கேட்டவருக்கு: படத்துக்கென்று போட்ட பின்னணி இசை என்று ஒன்று இல்லை. அந்த ஊர் வீடுகளில் ஓடும் டிவி, ரேடியோ, பழைய சினிமாப் பாட்டு, வசனம், அதுதான் இசை. அதைப் "பணம் மிச்சம் பண்ண வேலை" என்று எழுதியிருந்தீர்கள். சரி, சிரித்துவிட்டேன்.

நடிகர் பூ ராமு இதில் இருக்கிறார். வீதி நாடகத்திலிருந்து வந்த மனுசன். 2022 ஜூனில் போய்விட்டார், படம் வெளிவந்ததைப் பார்க்கவில்லை. அவர் முகம் வந்ததும் அக்கா "அடப்பாவமே" என்றாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நான் கதையைக் கவனிக்கவில்லை.

1 மார்ச் 2023

பையன்களின் கதையைச் சொல்லவேண்டும். படம் ஓடும்போதே ஒருவன் போனில் விளக்கக் காணொளி தேடிக்கொண்டிருந்தான். முடிந்ததும் பட்டியல் வந்துவிட்டது. நாய் என்றால் விசுவாசமாம். டிவி என்றால் மாயையாம். கண் தெரியாத அம்மா என்றால் நீதியாம். வாசல் நிலை என்றால் பிறப்புக்கும் இறப்புக்கும் நடுவில் இருக்கும் எல்லையாம். "கேமரா ஏண்ணே அசையவே மாட்டேங்குது? அது கடவுளோட பார்வைண்ணே."

கேமரா பெரும்பாலும் அசையாமல் நிற்பது உண்மை. திண்ணை, நிலைப்படி, சந்து என்று எதையாவது ஒரு சட்டமாக வைத்துக்கொண்டு உள்ளே நடப்பதை விட்டுவிடுகிறது. எனக்கு அது கடவுள் பார்வையாகத் தெரியவில்லை. மதியம் திண்ணையில் படுத்திருக்கிறவன் பார்வை அது. அவனும் தலையைத் திருப்ப மாட்டான், எதிரே வருவதை மட்டும் பார்ப்பான்.

பையன்களைக் கிண்டல் செய்ய ஒரு சேதி வைத்திருந்தேன். சீக்கியச் சிறுவன் ஒருத்தன் பஸ்ஸிலிருந்து தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் இறங்கி, தமிழ் பேசிக்கொண்டே போன பிறவி வீட்டைக் கண்டுபிடிப்பானே, ஞாபகமிருக்கிறதா? அந்தப் பழைய பிளைவுட் விளம்பரம்தான் இந்தப் படத்துக்கு விதை. இயக்குநர் அதை மறைக்கவும் இல்லை. "அப்ப விசுவாசம், மாயை, எல்லை எல்லாம் பலகை விக்கத்தானாடா?" என்று கேட்டேன். ஒருவன் சிரித்தான். இன்னொருவனுக்கு நிஜமாகவே கோபம். இரண்டு நாளாகப் பேசவில்லை.

கோபப்பட்டவன் பக்கமும் ஏதோ இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. விதை எங்கேயிருந்து வந்தால் என்ன. விளம்பரத்தில் பையன் மேசையைத் தடவிப் பார்த்ததும் கதை தீர்ந்தது, பலகை அழியாதது என்று முடித்துவிட்டார்கள். இங்கே அந்தப் பையனுக்கு வயசாகி, மனைவியும் மகனும் வேனில் காத்திருக்க, வந்து சேர்ந்த வீட்டிலும் ஒரு மனைவி நிற்கிறாள். அதே கேள்வி, ஆனால் தப்பிக்க வழி வைக்கவில்லை.

2 மார்ச் 2023

"குறியீடு இல்லன்னா அது கலைப்படமே இல்ல" என்று எழுதியவருக்கு.

1929இல் பாரிசில் லூயி புனுவல், சால்வதோர் தாலி என்று இரண்டு ஸ்பெயின்காரர்கள் சேர்ந்து ஒரு சின்னப் படம் எடுத்தார்கள். கண்ணை சவரக் கத்தியால் கீறுவதில் தொடங்கும், விநோதப் படங்களுக்கெல்லாம் பாட்டன். எழுதும்போது அவர்கள் வைத்துக்கொண்ட விதி, அறிவால் விளக்கம் சொல்லிவிடக்கூடிய எந்தக் காட்சியும் உள்ளே வரக்கூடாது என்பது. ஜனம் கொந்தளித்தால் எறிவதற்கென்று முதல் காட்சியன்று புனுவல் பாக்கெட்டில் கல் நிரப்பிக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றாராம். கைதட்டு விழுந்தது, கல்லைக் கீழே போட்டார். அடுத்த வருசம் எடுத்த படத்துக்குத்தான் மை வீச்சு, அடிதடி, தடை எல்லாம் வந்தது.

எங்கள் மாடியில் கல் இல்லை. கடலைத் தொலிதான் பறந்தது.

5 மார்ச் 2023

ஞாயிற்றுக்கிழமை. நிதானமாக எழுதுகிறேன்.

"நம்ம ஜனத்துக்கு இதெல்லாம் ஒத்து வராது, லாஜிக் கேப்பான்" என்று ஒருவர் முடித்துவிட்டார். நரி பரியான ஊர் இது. ஆவணி மூலத்துக்கு வருசா வருசம் அதை நடத்திக்காட்டுகிறார்கள், குதிரை ராத்திரியில் மறுபடி நரியான பாதியையும் சேர்த்து நமக்குத் தெரியும். பொங்கலன்று கல் யானை கரும்பு தின்கிறது. மூன்று முலையோடு பிறந்த இளவரசி, போருக்குப் போன இடத்தில் மாப்பிள்ளையைப் பார்த்ததும் ஒன்று மறைகிறது. அவள்தான் ஊருக்கு அரசி. இதில் எதற்கு எவன் லாஜிக் கேட்டான்?

ஆனால் 2022 மார்ச்சில் 'குதிரைவால்' படம் வந்தது. கலையரசன் காலையில் எழுந்தால் பின்னால் வால் முளைத்திருக்கிறது. நரியைப் பரியாக்கிக் கொண்டாடும் ஊரிலேயே "என்னய்யா வாலு?" என்று கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர். என் கூட வந்தவன் இடைவேளையில் பப்ஸ் வாங்கப் போனவன், அப்படியே வீட்டுக்குப் போய்விட்டான்.

ஏன் என்று யோசித்தேன். முதலில் தோன்றியது: கோயிலில் சாமி செய்கிறது, அதனால் கேள்வி இல்லை. பிறகு அது போதவில்லை என்று பட்டது. அங்கே கதை முன்னமே தெரியும். அப்பத்தாவும் கல்லூரிப் பேராசிரியரும் ஒரே கூட்டத்தில் நின்று, அடுத்து என்ன என்று தெரிந்துகொண்டே பார்க்கிறார்கள். தெரிந்தவன், தெரியாதவன் என்று பிரிவே வராது. இருட்டு அரங்கில் வால் முளைத்தால் பக்கத்துச் சீட்டுக்காரன் தலையை ஆட்டுகிறான், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. படிக்காமல் பரீட்சைக்கு வந்தவன் போல உட்கார்ந்திருக்கிறேன். கோபம் வால் மீது இல்லை, தலையாட்டுகிறவன் மீது.

முதலில் கேள்வி கேட்டவரே, "பாதிப் பேர் நடிக்கிறாங்க" என்றீர்களே, உங்களுக்கும் அந்த இடத்தில்தான் எரிகிறது என்று நினைக்கிறேன். படம் உங்களை ஒன்றும் செய்யவில்லை.

5 மார்ச் 2023, இரவு

மேலே எழுதியதில் விட்டுப்போனது. மலையாளத்துக்காரர் ஒருவர் வந்து தமிழ் கிராமத்தை வைத்து இப்படி விநோதம் பண்ணுவது புதிதில்லை. ஜான் ஆபிரகாம் 1977இல் 'அக்ரஹாரத்தில் கழுதை' என்ற படம் எடுத்தார், வெங்கட் சாமிநாதன் எழுதியது. கழுதையைக் கொன்றபின் ஊரில் நல்லது நடக்கத் தொடங்கியதும் அதற்கே கும்பிடு போடுவார்கள். தேசிய விருதும் கிடைத்தது, வசவும் கிடைத்தது. அந்த வசவில் "புரியவில்லை" என்பது குறைவு. நன்றாகவே புரிந்து வைதார்கள்.

6 மார்ச் 2023

எர்ணாகுளத்தில் வேலை பார்க்கும் ஒருவர் நல்ல விசயம் எழுதியிருக்கிறார். அங்கே கூட்டத்தோடு பார்த்தாராம். வேனில் நடக்கும் பேச்சுக்கெல்லாம் அரங்கு குலுங்கிச் சிரித்தது, கிராமம் வந்ததும் அமைதி என்கிறார்.

எங்கள் மாடியில் நேர் எதிர். வேன் முழுக்க மலையாளத்துக்கு அடியில் ஓடும் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தோம், மச்சான் தூங்கியதும் அப்போதுதான். கிராமம் வந்ததும் எழுத்து தேவையில்லை, அத்தனை பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "அந்தக் கெழவி எங்க பெரியாத்தா மாதிரியே இருக்கு." "மாட்டுக்கு அப்படியா வப்பாய்ங்க?" அவர்களுக்கு வீடாக இருந்தது நமக்கு வெளியூர், அவர்களுக்குக் கனவாக இருந்தது நமக்கு அடுத்த தெரு. ஒரே படம்தான், மயக்கம் தொடங்கும் இடம் மட்டும் வேறு.

அதனாலேயே நம் பக்கத்தில் வரும் குறையும் வேறு. "தமிழ் கிராமம்னா எப்பப் பாத்தாலும் பழைய பாட்டு, தூக்கம், திண்ணை, இவிங்ய வேலைக்கே போக மாட்டாய்ங்களா?" என்றார் தறி ஓட்டும் பெரியவர் ஒருவர். எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. 2022 டிசம்பரில் திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் பார்வையாளர் ஓட்டில் முதலிடம் பிடித்த படம், அங்கே உள்ளே போக இடம் கிடைக்காமல் தகராறே நடந்தது. அந்தக் கூட்டத்துக்கு இந்த ஊர் ஒரு தூரத்துக் கனவாக இருந்ததும் அந்த ஓட்டுக்கு ஒரு காரணம் என்பேன். மம்மூட்டியின் பேச்சில் கொங்குச் சாயல் போதவில்லை என்று ஒருவர். தளபதி காலத்திலிருந்து அவர் தமிழைக் கேட்டுப் பழகிவிட்டதால் எனக்கு உறுத்தவில்லை. வேண்டுமென்றே அரைகுறையாக விட்டாரோ என்றுகூடத் தோன்றியது, வந்திறங்கியவன் முழுசாக இறங்கவில்லை என்பதுபோல. இதுவும் பையன்கள் பட்டியலில் சேர்க்கவேண்டிய சரக்குதான், தெரிகிறது.

9 மார்ச் 2023

அக்கா இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டாள். யார் காட்டிக்கொடுத்தது என்று தெரியும், பிறகு கவனித்துக்கொள்கிறேன்.

"எல்லாரும் சொன்னதப் போட்டிருக்க. நான் சொன்னத மட்டும் 'அடப்பாவமே'யோட நிறுத்திட்ட."

அன்றைக்கு வேறென்ன சொன்னாய் என்றேன். சொல்லவில்லை, சொல்ல விடவில்லை என்றாள். நாங்கள் நாய் என்ன, டிவி என்ன என்று கத்திக்கொண்டிருந்தோமாம். அவள் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

"மத்தியானம். வீட்டுல ஆம்பள இல்ல. கதவு தெறந்து கெடக்கு. எவனோ ஒருத்தன் நேரா உள்ள வர்றான், கைலிய எடுத்துக் கட்டுறான், அடுப்படி வரைக்கும் வர்றான், என்னயப் பொண்டாட்டிங்கிறான். ஊரே கூடி அவன் பைத்தியமா, பேயா, சாமியான்னு பேசுது. அவன் கூட வந்தவங்க அவனப் பாவம் பாக்குறாங்க. எங்க ஊர்க்காரங்க மானம் போச்சுன்னு குதிக்கிறாங்க. நான் அந்த வீட்டுல நிக்கிறேன். ஒருத்தராவது 'உனக்கு என்ன தாயி'ன்னு கேட்டாங்களா? எனக்கு அந்தப் படம் முழுக்க வயித்தக் கலக்கிட்டே இருந்துச்சு. நீங்க குறியீடுன்னு பேசிட்டு இருந்தீங்க."

பூங்குழலியாக வருவது ரம்யா பாண்டியன். அவருக்குப் பேச்சு குறைவு. நான் அதை நடிப்பின் அடக்கம் என்று ரசித்திருந்தேன். அக்காவுக்கு அது வாயடைத்துப்போய் நிற்பது. வந்தவன் சாப்பிடும் விதம், உட்காரும் விதம் எல்லாம் காணாமல் போன புருசன் போலவே இருக்கும்போது, அவளுக்குப் பயம் மட்டும் இருந்திருந்தால்கூட லேசு என்றாள். "கொஞ்சம் ஆசையும் இருக்குல்ல. திரும்பி வந்துட்டா நல்லாருக்குமேன்னு. அதான் கொடும." வேனில் வந்த மனைவி சாலியும் அப்படித்தான், தன் புருசன் கண்ணெதிரே இன்னொரு வீட்டுக்காரனாக நடமாடுவதைப் பார்த்துக்கொண்டு வெளியூரில் ராத் தங்குகிறாள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வையைத்தான் அக்கா படமாகப் பார்த்திருக்கிறாள். எனக்கு அது நடுவில் வந்துபோன ஏதோ காட்சி.

கண் தெரியாத மாமியார் மட்டும் சங்கடமில்லாமல் மகனோடு பேசுவதுபோலப் பேசுவார். நாங்கள் அதை அழகு என்றோம். அக்கா: "ஆமா, அந்தக் கெழவிக்கு மகன் வந்துட்டான். இவளுக்கு யாரு வந்திருக்கா?"

இதற்குப் பிறகு "புரிந்தது, புரியவில்லை" என்று கட்சி கட்டுவதில் எனக்கு ருசி போய்விட்டது. யாருக்கும் புரியாமல் இல்லை. வந்தவனோடு போய் நின்றவனுக்கு அது பிறவி, மறுபிறவி, வள்ளுவர். வேளாங்கண்ணி லாட்ஜில் "உறங்குவது போலுஞ் சாக்காடு" என்ற 339ஆம் குறள் ஆரம்பத்திலேயே வந்து வழியும் காட்டிவிடுகிறது. வேனில் உட்கார்ந்திருந்தவனுக்கு அது "எப்ப வீட்டுக்குப் போவோம்" என்கிற எரிச்சல், அவன்தான் தூங்கினவன். வீட்டுக்குள் நின்றவளுக்கு அது நடந்துகொண்டிருக்கும் ஆபத்து. ஆளுக்கொரு இடத்தில் நின்று பார்த்துவிட்டு அடுத்தவன் அறிவை எடைபோட்டுக்கொண்டிருக்கிறோம்.

10 மார்ச் 2023

"அக்காவுக்குப் பிடித்ததா இல்லையா, அதைச் சொல்லவில்லையே" என்று மூன்று பேர்.

கேட்டேன். "பிடிச்சுச்சு. இன்னொரு தடவ பாக்க மாட்டேன்."

22 ஜூலை 2023

நேற்று கேரள அரசு விருது அறிவிப்பு. சிறந்த படம் இது, சிறந்த நடிகர் மம்மூட்டி. "இப்ப என்ன சொல்றீங்க?" என்று இழையைத் தோண்டி எடுத்தவரே, விருது வந்ததும் தூங்கினவர்கள் எல்லாம் முழித்துக்கொள்ள வேண்டுமா? மச்சானிடம் சொன்னேன். "நல்ல தூக்கத்துக்கு விருது உண்டான்னு கேளு" என்றார்.

26 ஆகஸ்ட் 2024

வருசம் கழித்து இந்த இழைக்கு மறுபடி வருகிறேன். கொட்டுக்காளி.

23ஆம் தேதி வந்தது. நம்ம ஊர்ப் படம். மேலூர்ப் பக்கத்திலிருந்து போன பி.எஸ். வினோத்ராஜ் இயக்கம். 'கூழாங்கல்' படத்துக்கு 2021இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது வாங்கியவர். நாயகனும் நம்ம சூரி. பெர்லின் விழாவில் காட்டிவிட்டு இங்கே வந்திருக்கிறது. பாட்டு இல்லை, பின்னணி இசை இல்லை, முடிவும் இல்லை. அரங்கில் விளக்கு போட்டதும் எனக்குப் பின்வரிசையில் ஒரு குரல்: "டேய், ரீலு அந்துருச்சு போல, ஓட்டுங்கடா." சிரிப்பு. இன்னொருவர் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கப் போவதாக உரக்கச் சொன்னார். பரோட்டா சூரியைப் பார்க்க குழந்தைகுட்டியோடு வந்த குடும்பம் முகம் தொங்கிப் போனது. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். சுவரொட்டியில் சூரி இருந்தார், முடிவு இருக்காது என்று போடவில்லை.

இது கனவுப் படம் இல்லை, நிஜமாகவே நம் சாலையில் ஆட்டோவும் பைக்கும் போகிறது, அவ்வளவுதான் கதை. மீனாவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று சொந்தபந்தம் கூடி பூசாரியிடம் கூட்டிப் போகிறார்கள். பேய் ஒன்றும் இல்லை, வேறு சாதிப் பையனைப் பிடித்திருக்கிறது, வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். காலில் கயிறு கட்டிய சேவல். வழியை மறித்து நிற்கும் காளை, மீசை வைத்தவர்கள் எல்லாம் தயங்க ஒரு சின்னப் பிள்ளை வந்து பிடித்துக்கொண்டு போகிறாள். தொண்டையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு கரகரத்த குரலில் அதட்டும் பாண்டி, அவளைக் கட்டப்போகிறவன், சூரிதான். பையன்கள் இந்த முறை பட்டியல் போடவில்லை, தேவையே படவில்லை. சேவல் யார் என்று அரங்கில் எல்லாருக்கும் தெரிந்தது. ஆக, குறியீடு புரிந்தும் கோபம் வந்தது. போன வருசம் "புரியாததால் கோபம்" என்றவர்கள் இதை எங்கே வைப்பார்கள்?

27 ஆகஸ்ட் 2024

"இதெல்லாம் விழாப் படம், தியேட்டருக்கே கொண்டு வந்திருக்கக் கூடாது" என்பவர்களோடு நான் இல்லை. திரைத்துறைக்குள்ளிருந்தே அந்தப் பேச்சு வந்திருக்கிறது. கோபப்படவாவது அந்தக் கூட்டம் வேண்டும். 1952இல் பராசக்தியோடு திறந்த நம் தங்கம் தியேட்டரில் 2,563 சீட்டு. அத்தனை பேரில் பாதி வைது பாதி வாயடைத்து உட்கார்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அரங்கு இப்போது இல்லை. போனில் தனியாகப் பார்க்கிறவன் அலுத்தால் அடுத்ததைத் தள்ளுவான், அவனுக்குச் சண்டை போடப் பின்வரிசை கிடையாது.

தங்கத்தில் தான் பார்த்த படங்களின் பட்டியலை ஒருவர் போட ஆரம்பித்திருக்கிறார். அண்ணே, அதுக்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

அக்டோபர் 2024, ஒரு ஞாயிறு

கொட்டுக்காளியை அதே மாடியில் போட்டோம். எழுதலாமா என்று யோசித்தேன். அப்பத்தாவிடமே கேட்டேன், "எழுது, எம்பேரப் போடாத" என்றார்.

படம் முழுக்க அவர் பேசவில்லை. மீனாவை வைத்துக்கொண்டு ஊர் போய்க்கொண்டே இருக்கிறது, அப்பத்தா வெற்றிலைப் பையைத் திறக்கவே இல்லை. முடிந்ததும் எல்லாரும் வழக்கம்போல "என்ன முடிவு இது" என்று ஆரம்பித்தோம். அவர் சொன்னார்: "என்னயும் கூட்டிட்டுப் போனாய்ங்க. கல்யாணத்துக்கு முந்தி. வேப்பங்கொழையால அடிச்சு, பேரச் சொல்லு, பேரச் சொல்லுன்னு. எனக்கு ஒண்ணும் இல்ல. மாமன் மகனக் கட்ட மாட்டேன்னேன், அம்புட்டுத்தான். கடைசில அடி தாங்காம பக்கத்துத் தெருவுல செத்த ஒருத்தி பேரச் சொன்னேன். விட்டுட்டாய்ங்க."

யாரையும் பார்க்காமல்தான் சொன்னார். பிறகு அவரே, "மாமனத்தான் கட்டுனேன். நல்ல மனுசந்தான்" என்றார், எங்களைத் தேற்றுவதற்காக.

2023இல் நான் "முதல் நிமிசத்திலேயே பிடிபட்டவர்" என்று எழுதியது இவரைத்தான். "மொதல்ல பேரக் கேளுங்கடா" என்று அவர் சொன்னபோது, அடடா, நம் மண்ணில் இதற்கென்று ஒரு பார்வை இருக்கிறது, படித்தவனுக்கு எட்டாதது கிழவிக்கு எட்டுகிறது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. மதுரைப் பாண்டி கோயிலில் சாமி வந்து ஆடுகிறவர்களையெல்லாம் அந்தப் பெருமையில் சேர்த்து வைத்திருந்தேன். அந்தப் பார்வை அப்பத்தாவுக்கு எந்த விலையில் வந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. ஆணுக்கு வந்திறங்கினால் ஊரே கூடி யார் என்று கேட்கிறது, வேனை நிறுத்திக் காத்திருக்கிறது. பெண் மாட்டேன் என்றால் அதற்கும் ஒரு பேய் ஏற்பாடு செய்கிறது. லிஜோ படத்தில் சுந்தரமாக வந்தவனை யாரும் குழையால் அடிக்கவில்லை என்பதை நான் இப்போதுதான் கவனித்தேன்.

இதனால் அந்தப் படம் எனக்குக் குறைந்துவிட்டதா என்றால், இல்லை. சலூன் கண்ணாடியில் தன் முகம் தன்னுடையது இல்லை என்று மம்மூட்டி பார்க்கும் இடம் இன்னும் என்னை உலுக்குகிறது. ஆனால் இப்போது அதைப் பார்க்கும்போது பூங்குழலி எங்கே நிற்கிறாள் என்று தேடுகிறேன்.

அதே வாரம், புதன்

"பெண்ணிய வகுப்பாக்கி விட்டீர்கள், சினிமா பேசுங்கள்" என்றவருக்கு: சினிமாதான் பேசிக்கொண்டிருக்கிறேன். கேமரா எந்த வாசலில் நிற்கிறது என்பதைவிட வேறென்ன சினிமா இருக்கிறது?

"மூணு படத்தையும் ஒண்ணாக் கட்டுறது தப்பு. ஒண்ணு கனவு, ஒண்ணு வாலு, ஒண்ணு நிஜம்" என்றவருக்கு: கட்டியது நானில்லை, அவற்றைப் பார்த்து ஒரே மாதிரி வைத கூட்டம்தான் கட்டியது.

நவம்பர் 2024

கடைசியாக ஒருத்தர் கேட்டிருக்கிறார்: சும்மா மழுப்பாமல் சொல்லுங்கள், கொட்டுக்காளி முடிவில் பாண்டி என்ன செய்திருப்பான்?

பூசாரி இன்னொரு பெண்ணைத் தொட்டு 'ஓட்டுகிற' விதத்தைப் பார்த்துவிட்டு நிற்கிறான் அல்லவா, அங்கே பையன்கள் இரண்டு கட்சி. திருந்திவிட்டான், மீனாவைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுவான் என்று ஒருவன். இல்லை, இத்தனை சனத்தைக் கூட்டி வந்துவிட்டு வெறுங்கையோடு போகமாட்டான், உள்ளே அனுப்பிவிடுவான் என்று மற்றவன்.

என் கணக்கு: திரும்பிப் போவான். தான் கட்டப்போகிறவள் மீது இன்னொருத்தன் கை படுவதா என்பதற்காகத் திரும்புவான். வழியில் ஒலிபெருக்கியில் வந்த பாட்டுக்கு அவள் வாயசைத்ததற்கே அப்படி அடித்தவன் அவன், தடுக்க வந்த பெண்களையும் சேர்த்து. ஆட்டோ வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் அடுத்த அடி விழும். அக்காவிடம் இதைச் சொன்னேன். "நீ ரொம்ப நல்லவன் மாதிரி யோசிக்கிற. அடுத்த வாரம் வேற பூசாரியப் பாப்பான்" என்றாள்.